பீர் காய்ச்சும் வாளி: ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், பெரும்பாலும் அதன் குழாயைப் பற்றி

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் குடியிருக்கும் அக்கா மகன் போன வாரம் ஒரு படத்தை அனுப்பி, "மாமா, உங்களிடம் இருக்கும் அதே வாளி செட் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா?" என்று கேட்டிருந்தான். அந்தச் செய்தி வந்த நேரத்தில் நான் மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் என் வீட்டுப் பின்கட்டில் அதே வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் குழாயை எத்தனையாவது முறையாகவோ கழற்றிக்கொண்டிருந்தேன். உடனே அனுப்பிய பதிலை இங்கே எழுத முடியாது. இது கோபம் தணிந்த பிறகு எழுதும் பதில்; முழுவதும் தணிந்துவிட்டது என்றும் சொல்லமாட்டேன்.

2016இல் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் குழாய்ப் பொருத்துநராக இருந்தபோது இந்தச் செட்டை வாங்கினேன். 30 லிட்டர் வாளி, மூடி, ஏர்லாக் (உள்ளிருக்கும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத அடைப்பு), ஹைட்ரோமீட்டர் (நொதித்தல் எதுவரை வந்தது என்று பார்க்கக் கரைசலின் அடர்த்தியை அளக்கும் மிதவை), நீண்ட கரண்டி, 1.7 கிலோ மால்ட் சாறு (முளைகட்டிய பார்லியின் சாறு) டப்பா ஒன்று, வாளியின் சுவரில் அடிப்பக்கமாகப் பொருத்தத் திறந்து மூடும் பிளாஸ்டிக் குழாய் ஒன்று. டப்பாவைக் கரைத்து ஒரு கிலோ சீனி சேர்த்து 23 லிட்டருக்கு நீர் ஊற்றி ஈஸ்ட்டைத் தூவும் முறையை எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் அதை மறுபடி எழுதப் போவதில்லை. 2022இல் ஊர் திரும்பும்வரை அந்த வாளியில் 41 முறை பீர் காய்ச்சியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் குறிப்பேட்டில் ஒரு பக்கம் உண்டு. இதை எழுதுவதற்காக அந்தக் குறிப்பேட்டைப் புரட்டியபோது, ஈஸ்ட்டைப் பற்றி எழுதியதைவிடக் குழாயைப் பற்றி எழுதியதே அதிகம் என்று தெரிந்து எனக்கே வெட்கமாக இருந்தது.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவன் பாலத்துக்கு அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமும் இருக்கிறோம். சிங்கப்பூரில் 18 வயது நிறைந்தவர் தம் சொந்த உபயோகத்துக்காக வீட்டிலேயே, ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை, உரிமம் இல்லாமல் பீர் காய்ச்சலாம், விற்கக் கூடாது. ஒரு முறைக்கு 23 லிட்டர் என்பதால் மாதம் ஒரு முறைதான் கணக்குக்குள் வரும். அறைத்தோழனும் ஒரு வாளி வாங்கினால் அளவு இரட்டிப்பாகாது. மலேசியாவிலோ 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டத்தின்படி உரிமமின்றி மதுபானம் தயாரிப்பது குற்றம். ஆகவே ஊர் திரும்பிய நாள் முதல் இந்த வாளியில் பீர் இல்லை. பெந்தோங் இஞ்சியைத் தட்டிப்போட்டு, எலுமிச்சையும் சீனியும் சேர்த்து, இரண்டு நாளில் குளிர்பெட்டிக்குப் போய்விடும் இஞ்சிப் பானம்தான். அதற்கும் அம்மா முகம் சுளிக்கிறார். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்று. சம்பளத்தைக் கள்ளுக்கடையிலும் சம்சு என்னும் மலிவுச் சாராயத்திலும் தொலைத்த ஆண்களைத் தோட்டத்து லயத்திலேயே (தொழிலாளர் வரிசைவீடுகளில்) பார்த்து வளர்ந்த அம்மாவிடம், நொதித்தல் ஒரு பொழுதுபோக்கு என்று விளக்குவது எளிதாக இல்லை.

இனி குழாய்.

வாளியின் சுவர் வளைந்தது. குழாயின் தோள், அதாவது வெளிப்பக்கம் சுவரோடு ஒட்டி நிற்கும் விளிம்பு, தட்டையானது. இரண்டுக்கும் நடுவே ஒரு தட்டை ரப்பர் வாஷர். உள்ளே ஒரு பிளாஸ்டிக் நட்டு. செட்டோடு வந்த தாளில் வாஷரை உள்பக்கம், நட்டுக்கும் சுவருக்கும் இடையில் போடும்படி படம் போட்டிருந்தார்கள். நானும் அப்படியே போட்டேன். முதல் இரவே குழாயின் தோளுக்கு அடியில் ஒரு துளி திரண்டு நின்றது; துடைத்தால் அரை மணியில் மறுபடி வந்தது. ஒரு நாளைக்கு நான்கு கரண்டி ஒழுகினால் 23 லிட்டரில் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். குறைவது பிரச்சினையில்லை. மால்ட் கரைசல் இனிப்பானது, அது வெளிச்சுவரில் காய்ந்து பிசினாகும், எறும்பு வரும், அதைவிட மோசமாகப் பழ ஈ வரும். பழ ஈயின் காலோடு வருவது பீரைக் காடியாக்கும் பாக்டீரியா.

தொழில் குழாய்ப் பொருத்துவது. வீட்டிலோ குழாய் ஒழுகுகிறது. பட்டறையில் இதைச் சொன்ன நாளிலிருந்து எனக்கு விழுந்த பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இறுக்கிப் பார்த்தேன். இறுக்க இறுக்க வாஷர் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்தது, ஒழுக்கு அதிகமானது. திருகில் வெள்ளை டேப் சுற்றிப் பார்த்தேன். அது நான் வெட்கப்பட வேண்டிய செயல். டேப் வேலை செய்வது போகப்போகக் குறுகும் கூம்புத் திருகில். இது நேர்த்திருகு, இதில் நீரை நிறுத்துவது வாஷர் மட்டுமே. இது எனக்குத் தெரியும், இருந்தும் சுற்றினேன். டேப்பின் மடிப்புக்குள் மால்ட் புகுந்து அழுகியதுதான் மிச்சம்.

நாலாவது முறை காய்ச்சும்போதுதான் உட்கார்ந்து யோசித்தேன். வாஷர் உள்பக்கம் இருந்தால், அது நட்டுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வழியை மட்டுமே அடைக்கிறது. நட்டின் திருகுக்கும் குழாயின் திருகுக்கும் இடையே ஒரு சுருள் பாதை திறந்தே கிடக்கிறது. நீர் அந்தச் சுருளைச் சுற்றிச் சுற்றி வந்து, சுவரின் ஓட்டை வழியே நுழைந்து, எதுவும் தடுக்காத தோளுக்கடியில் துளியாக நிற்கிறது. வாஷரை வெளிப்பக்கம், தோளுக்கும் சுவருக்கும் இடையில் மாற்றிப் போட்டால், நீர் எந்த வழியாக வந்தாலும் கடைசியில் வாஷரில் முட்டிக்கொள்ளும். மாற்றினேன், நின்றது. தாளில் படம் வரைந்தவர் ஒரு முறையாவது வாளியில் தண்ணீர் நிரப்பிப் பார்த்திருப்பாரா என்று இன்றும் எனக்குச் சந்தேகம் உண்டு.

ஒழுக்கு நின்றதும் குழாய்ச் சண்டை முடிந்தது என்று நினைத்தேன். 2018இல் அது வேறு வடிவத்தில் வந்தது. அந்த முறை 34 பெரிய போத்தல்கள் நிரப்பினேன்; மூடிகளில் நிரப்பிய வரிசைப்படி எண் போடும் பழக்கம் பட்டறையிலிருந்து வந்தது. மூன்று வாரம் கழித்து 1ஆம் எண்ணைத் திறந்தால் கூரை வரை நுரை அடித்தது, குடித்தால் மோர்ப் புளிப்பு. 2ஆம் எண்ணும் அப்படியே. எல்லாம் போச்சு என்று எண்ணி 20ஆம் எண்ணைத் திறந்தால் அருமையான பீர். பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில் 1 முதல் 6 வரை புளிப்பு, 7 இலேசாக, 8 முதல் ஒன்றும் இல்லை. வாளி கெட்டிருந்தால் எல்லாம் கெட்டிருக்க வேண்டும். போத்தல் கழுவியதில் பிழை என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கெட்டிருக்க வேண்டும். முதல் ஆறு மட்டும் கெட்டது என்றால், குழாய்க்குள் இருந்த ஏதோ ஒன்றை முதல் ஆறு போத்தல் பீரும் கழுவி எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.

என்ன நடந்தது என்பது பின்னர் விளங்கியது. ஹைட்ரோமீட்டரில் அளக்க ஐந்தாம் நாளும் ஏழாம் நாளும் குழாயைத் திறந்து கொஞ்சம் பிடித்திருந்தேன். மூடிய பின்னும் குழாயின் மூக்கில் ஒரு மடக்குப் பீர் தங்கும், காற்றுபடக் கிடக்கும். அதோடு, இந்தக் குழாய் ஒரே துண்டு போலத் தெரிந்தாலும் இரண்டு துண்டு; வெளிக்கூட்டுக்குள் ஒரு உருளை சுழல்கிறது. அந்த இரண்டுக்கும் இடையே நூல் புகும் அளவு இடைவெளி, அதில் இரண்டு ஆண்டுகளின் பீர். கை பொறுக்கும் அளவு சூட்டில் உள்ள நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, கட்டைவிரலால் கீழிருந்து அமுக்கினால் உருளை 'டப்' என்று வெளியே வரும். வெளியே வந்ததைப் பார்த்தேன். பழுப்பு நிறத்தில் வழுவழுவென்று ஒரு படலம். அதுவரை அந்தக் குழாய் வழியாக நண்பர்களுக்கு ஊற்றிக் கொடுத்த அத்தனை போத்தலையும் நினைத்துக்கொண்டேன். குழாயைக் கழற்றிப் பிரிக்க வேண்டும் என்று தாளில் ஒரு சொல்லும் இல்லை. கிருமிநீக்கியை வாளியில் ஊற்றிக் குழாயை ஒரு முறை திறந்து மூடினால் போதும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். படலம் படிந்த இடத்தில் எந்தக் கிருமிநீக்கியும் வேலை செய்யாது, முதலில் அழுக்குப் போக வேண்டும்.

அன்று முதல் ஒவ்வொரு முறையும் குழாயைக் கழற்றி, பிரித்து, சோடியம் பெர்கார்பனேட் என்னும் அழுக்குநீக்கித் தூளின் கரைசலில் ஊறவைத்து, சேர்த்து, வாஷரை வெளிப்பக்கம் போட்டு, கையால் இறுக்கி அதற்குமேல் கால் சுற்று மட்டும் திருகி, வெறும் நீரை நிரப்பி ஒரு மணி நேரம் காத்திருந்து பார்க்கிறேன். அளவு பிடித்த பின் மூக்கில் கிருமிநீக்கியைப் பீய்ச்சி, ஒரு சிறு பிளாஸ்டிக் பையைக் கட்டிவிடுகிறேன். 20 நிமிட வேலைக்காக வாங்கிய வசதி 80 நிமிட வேலையைத் தருகிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. அதே குழாயில் ஒரு சாண் நீளக் குச்சிக்குழாயைச் செருகி, அதன் நுனி வால்வைப் போத்தலின் அடியில் அழுத்தினால் பீர் அடியிலிருந்து அமைதியாக ஏறி வரும்; எடுத்தால் நின்றுவிடும். காற்று கலப்பதில்லை, சிந்துவதில்லை, ரப்பர் குழாயை வாயால் உறிஞ்சத் தேவையில்லை. 34 போத்தலை ஒருவனே முக்கால் மணியில் நிரப்பலாம். குழாய் அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் இருப்பதால் ஈஸ்ட் வண்டல் வாளியிலேயே தங்கிவிடும். இந்த ஒரு வேலையைச் செய்யும்போது மட்டும் நான் அதைத் திட்டியதில்லை.

வாளியைப் பற்றிக் குறை இல்லை. ஒன்பது ஆண்டில் வெடிப்பில்லை, மூடியின் விளிம்பு இன்னும் இறுக்கமாகப் பிடிக்கிறது. உள்ளே இரும்புப் பஞ்சு போட்டுத் தேய்க்கக் கூடாது என்பது ஒன்றுதான். கீறலில் கிருமி குடியேறும்.

வெப்பத்தைப் பற்றி எல்லாரும் பயமுறுத்துவார்கள். அது உண்மைதான், டப்பாவோடு வரும் ஏல் வகைப் பீருக்கான ஈஸ்ட் 18 முதல் 22 பாகை செல்சியஸ் வரை விரும்பும், உட்லண்ட்ஸ் அறையில் எப்போதும் 30 பாகை, நொதிக்கும்போது ஈஸ்ட் தன் சூட்டையும் ஓரிரு பாகை சேர்க்கும். என் முதல் இரண்டு முறையும் பீரில் கனிந்த வாழைப்பழ வாசனையும் பெயின்ட் கரைப்பான் நெடியும் வந்தன. வாளியை நீர்த்தொட்டியில் நிறுத்தி, உறைய வைத்த போத்தல்களைக் காலையும் மாலையும் மாற்றிப் போட்டுச் சமாளித்தேன். இன்று அவன் அவ்வளவு பாடுபட வேண்டாம். நார்வேயின் பண்ணை வீடுகளில் வழிவழியாகக் காத்துவந்த க்வைக் ஈஸ்ட் இப்போது பொட்டலமாகக் கிடைக்கிறது. வோஸ் பகுதியின் வகை 35 பாகைக்கு மேலும் கெட்ட வாசனை இல்லாமல் நொதிக்கும். நம் நாட்டு வெயிலுக்கென்றே செய்தது போல இருக்கிறது. வெப்பத்துக்கு வழி பிறந்துவிட்டது, குழாய் மட்டும் 2016இல் இருந்தபடியே இருக்கிறது. மருமகன் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அதே தோள், அதே வாஷர்.

போன வாரம் கழற்றியதற்குக் காரணம் வாஷர் கெட்டியாகிவிட்டது. இங்கே இரும்புச் சாமான் கடைத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) கேட்டால் தண்ணீர்த் தொட்டிக்குப் போடும் கறுப்பு ரப்பரை எடுத்துக் கொடுத்தார். அதை உணவுப் பொருளில் போடக் கூடாது. ரப்பர் வாசனை பானத்தில் ஏறும். நான் இப்போது வேலை செய்யும் செம்பனை எண்ணெய் ஆலையில் எங்கள் பராமரிப்புக் கிடங்கில் உணவுத் தர சிலிகோன் தகடு மீதியிருந்தது. கேட்டு வாங்கி, 3 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு வளையம் வெட்டினேன். மெல்லிய வாஷரைவிடக் கனமான மென்மையான வாஷர் வாளியின் வளைவோடு படிந்து உட்காருகிறது. இதை ஒன்பது ஆண்டுக்கு முன்பே செய்திருக்கலாம். அம்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒழுகுற பாத்திரத்தை வீட்டுல வச்சுக்கக் கூடாதுடா" என்றார்.

ஆகவே மருமகனுக்கு என் பதில்: வாங்காதே. விலை பாதியாக இறங்கினாலும் வாங்காதே. ஓட்டையில்லாத, மூடி உள்ள உணவுத் தர வாளி ஒன்றை வாங்கி, மேலிருந்து பீரை இழுத்துக் கீழே இறக்க, கையால் அமுக்கி ஓடவிடும் சைஃபன் குழாய் ஒன்றைத் தனியாக வாங்கு. ஓட்டை இல்லாத வாளி ஒழுகாது. ஹைட்ரோமீட்டரை உடையாமல் பார்த்துக்கொள். க்வைக் ஈஸ்ட் இரண்டு பொட்டலம் வாங்கி வை.

இதையெல்லாம் தொலைபேசியில் சொல்லி முடித்ததும் அவன், "அப்படியென்றால் உங்கள் வாளியை எனக்கே கொடுத்துவிடுங்கள் மாமா, நீங்கள்தான் பீர் காய்ச்சுவதில்லையே" என்றான். கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். இன்று காலை அதில் 10 லிட்டர் இஞ்சிப் பானம் போட்டிருக்கிறேன். குழாய்க்கு அடியில் ஒரு வெள்ளைத் தட்டு வைத்திருக்கிறேன். மாலை ஆறு மணி வரை தட்டு காய்ந்தே இருக்கிறது.