குழாய் மாற்ற வந்தோம் என்று வாசலில் நிற்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள்

பினாங்கில் பிறை, பட்டர்வொர்த், பெர்மாத்தாங் பாவ் பக்கத்துத் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லிவையுங்கள். "தண்ணீர்க் குழாய் மேம்பாட்டுத் திட்டம்" என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேர் வீடுவீடாகப் பணம் வசூலிக்கிறார்கள். எங்கள் வீட்டில் 480 ரிங்கிட் வாங்கிப் போனார்கள். எங்கள் சாலையில் இன்னும் சில வீடுகளிலும் இதே கதை. எல்லாமே பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடுகள்.

அன்று நான் பாயான் லெப்பாஸில் வேலையில் இருந்தேன். அம்மா மட்டும் வீட்டில். வந்தவர்கள் பச்சை நிற ஒளிர்சட்டை அணிந்து, கழுத்தில் அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். ஒருவன் நன்றாகத் தமிழ் பேசினான். "அம்மா, பெரிய குழாயை மாற்றுகிறார்கள். வேலை முடிந்து தண்ணீர் திறக்கும்போது வேகமாக வரும். உங்கள் பழைய இரும்புக் குழாய் தாங்காது, வெடித்துவிடும். முன்கூட்டியே மாற்றிவிட்டால் பாதிச் செலவை அரசாங்கம் ஏற்றுக்கொள்ளும். இந்த வாரம் விட்டால் முழுப் பணமும் நீங்கள்தான் கட்ட வேண்டும்" என்றான். முன்பணம் 300, வேலை முடிந்ததும் 180. ரொக்கமாகத்தான் வேண்டும் என்றார்கள். எதிர்வீட்டு அத்தையிடம் ரொக்கம் இல்லை. அவருடைய மகளைத் தொலைபேசியில் அழைத்து, ஒரு தனிநபர் வங்கிக் கணக்குக்குப் பணம் போட வைத்தார்கள்.

அவர்கள் விட்டுப்போன தாள் என்னிடம் இருக்கிறது. மேலே "நோட்டிஸ் கங்குவான் பெகாலான் ஆயர்" (தண்ணீர் விநியோகத் தடை அறிவிப்பு) என்று மலாயில் பெரிய எழுத்தில் தலைப்பு. பக்கத்தில் ஒரு சின்னம்; நகலுக்கு நகல் எடுத்து ஓரம் கரைந்துபோயிருக்கிறது. வேலை நடக்கும் தேதிக்கு இடம் விட்டு, பேனாவால் நிரப்பியிருக்கிறார்கள். பாதிக்கப்படும் பகுதிகளின் பட்டியல் இல்லை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பதும் இல்லை. அலுவலகத் தொலைபேசி எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கைத்தொலைபேசி எண். அதை அழைத்தால் இப்போது மணிகூட அடிப்பதில்லை.

வேலை என்று அவர்கள் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். மீட்டருக்குப் பின்னால் வெளியே தெரிந்த இரும்புக் குழாயை ஒரு கையளவு அறுத்து எடுத்துவிட்டு, வெள்ளைப் பிளாஸ்டிக் குழாயை ஒட்டினார்கள். அங்கிருந்த பித்தளை அடைப்பு வால்வைக் கழற்றி எடுத்துக்கொண்டு, பிளாஸ்டிக் வால்வு ஒன்றை மாட்டிவிட்டுப் போனார்கள். அப்பா காலத்தில் போட்ட வால்வு அது. கனமானது, ஒரு குறையும் இல்லாதது. பழைய இரும்புக் கடையில் பித்தளைக்கு நல்ல விலை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இரவில் ஊர் தூங்கும் நேரத்தில் தண்ணீர்ப் புழக்கம் குறையும், குழாயில் அழுத்தம் ஏறும். ஒட்டிய இடம் அன்றிரவே பிய்த்துக்கொண்டது. விடியற்காலையில் அம்மா கதவைத் திறந்தபோது காரின் அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மீட்டரைத் தாண்டிய கசிவு என்பதால் அத்தனையும் எங்கள் பில்லில்தான் ஏறும். சரிசெய்ய வந்த குழாய்க்காரர் உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். அது தண்ணீர்க் குழாயே இல்லை, சுவரில் மின்கம்பி செலுத்தப் பயன்படும் மெல்லிய குழாய் என்றார். தண்ணீருக்கான குழாயின் மேல் தர எண்ணும் அழுத்த அளவும் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். இதில் ஒன்றும் இல்லை. எழுபது வயதுப் பெண்மணியிடம் பணத்தையும் வாங்கி, வீட்டுக் குழாயையும் கெடுத்துவிட்டுப் போக எப்படித்தான் மனம் வந்ததோ!

நீர் விநியோக அலுவலகத்து முகப்பில் அந்தத் தாளைக் காட்டினேன். எங்கள் சாலையில் குழாய் மாற்றும் வேலை எதுவும் இல்லை என்றார்கள். அதற்கும் மேலாக அங்கே இருந்தவர் சொன்ன ஒன்றை எல்லோரும் மனத்தில் வைக்க வேண்டும். மீட்டர் வரை உள்ள குழாயும் மீட்டரும் நிறுவனத்தின் பொறுப்பு. அதற்கு வீட்டு வாசலில் யாரும் பணம் கேட்க மாட்டார்கள். மீட்டருக்கு அப்பால் வீட்டுக்காரர் பொறுப்பு. அதை மாற்றச் சொல்லி நிறுவனம் ஆள் அனுப்பி வசூலிக்காது. ஆக, இரண்டு பக்கத்திலும் வாசலில் நின்று பணம் வாங்க ஒருவருக்கும் வேலை இல்லை.

இவ்வளவு எளிதாக மக்கள் நம்பியதற்குக் காரணம் உண்டு. 2024 ஜனவரி 10 முதல் 14 வரை பினாங்கில் தண்ணீர் நின்றதை யாரும் மறக்கவில்லை. சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் 1,200 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு வால்வுகளை மாற்றுவதற்காக நிறுத்தினார்கள். ஏறத்தாழ 5,90,000 பயனீட்டாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். மூடா ஆற்றுத் தண்ணீரைச் சுத்திகரித்து மாநிலத்தின் பெரும்பகுதிக்கு அனுப்புவது அந்த நிலையம்தான். அம்மா அப்போது குளியலறைத் தொட்டி முதல் பொங்கல் பானை வரை நிரப்பி வைத்தார். அதிலிருந்து "குழாய் வேலை" என்று யார் சொன்னாலும் வீட்டில் பதற்றம்தான். மோசடிக்காரன் புதிதாக எதையும் கற்பனை செய்யவில்லை. நடந்த செய்தியை எடுத்து, அதன் முனையில் தன் பையைக் கட்டிவிட்டான்.

ஆனால் 2024-இல் நடந்தது எப்படி அறிவிக்கப்பட்டது என்று நினைத்துப் பாருங்கள். பல நாள்களுக்கு முன்பே நாளிதழ்களில் வந்தது. தேதி, நேரம், பகுதி எல்லாம் தெளிவாக இருந்தன. தண்ணீர் லாரிகள் வந்தன. எந்த வீட்டிலும் யாரும் ஒரு காசு கேட்கவில்லை. சாலையைத் தோண்டும் அரசாங்க வேலையாக இருந்தால், திட்டத்தின் பெயர், குத்தகையாளர் பெயர், முடியும் தேதி எழுதிய அறிவிப்புப் பலகை வேலையிடத்தில் நிற்க வேண்டும். பலகை இல்லை, தோண்டும் இயந்திரம் இல்லை, ஆனால் ரசீதுப் புத்தகம் மட்டும் இருக்கிறது என்றால் கதவைத் திறக்காதீர்கள்.

சந்தேகம் வந்தால் உங்கள் தண்ணீர் பில்லில் அச்சிட்டிருக்கும் எண்ணை அழையுங்கள். வந்தவர் கொடுக்கும் எண்ணை அல்ல. வீட்டுக் குழாயை உண்மையாகவே மாற்ற வேண்டியிருந்தால், தேசிய நீர்ச் சேவை ஆணையத்தின் அனுமதி பெற்றவரா என்று கேட்டு, நீங்களே தேடி அழையுங்கள்.

பணம் கொடுத்தவர்களுக்கு: வங்கிவழி அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் 997-ஐ அழையுங்கள். தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண் அது; கணக்கிலிருந்து பணம் கைமாறுவதற்குள் சொன்னால்தான் தடுக்க வாய்ப்பு இருக்கிறது. எதிர்வீட்டு அத்தையின் மகள் அன்றே அழைத்து, போலீஸ் புகாரும் கொடுத்துவிட்டார். ரொக்கமாகக் கொடுத்த எங்களுக்கு அந்த வழி இல்லை. போலீஸ் புகார் மட்டும்தான். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் வேண்டும். அதைத் தெரிந்துதான் ரசீதில் கிறுக்கலான ஒரு கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்கே போவது என்று புரியாதவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். அங்கே தமிழில் பேச ஆள் உண்டு.

குடியிருப்பாளர் சங்கத்தாரிடமும் கோவில் நிர்வாகத்தாரிடமும் ஒரு வேண்டுகோள். தண்ணீர் வெட்டு, சாலை வேலை, கால்வாய் தூர்வாரல் பற்றிய உண்மையான அறிவிப்புகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் வருகின்றன. அவற்றை இரண்டே வரி தமிழில் எழுதிக் கோவில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். என் அம்மாவுக்குத் தமிழ் நன்றாக வாசிக்கத் தெரியும். நாளிதழையும் ஒரு வரி விடாமல் படிப்பார். நம் சாலைக்கு என்ன வேலை வருகிறது, எப்போது வருகிறது என்பது அவர் வாசிக்கும் இடத்தில் இருந்திருந்தால், தமிழ் பேசிக்கொண்டு வந்தவனை அவரே வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டிருப்பார். எங்கள் சாலைக்கு நானே எழுதித் தருகிறேன் என்று சங்கச் செயலாளரிடம் சொல்லிவிட்டேன்.

இதே தாள் உங்கள் வீட்டுக்கும் வந்திருந்தால் கிழித்துப் போடாதீர்கள். பணம் கொடுக்காதவர்களும் அதை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். அவர்கள் வந்த வேனின் எண்ணை யாராவது குறித்து வைத்திருந்தால் அதையும் புகாரில் சேருங்கள். எங்கள் சாலையில் ஒருவரும் குறிக்கவில்லை.