லீவில் மூக்கு ஆபரேஷன்: எனக்குச் சரி, மச்சானுக்குப் பொறு

ஊருக்குப் போகிற லீவிலேயே மூக்கு ஆபரேஷனையும் முடித்துவிடலாம் என்ற எண்ணத்தில் நானும் மச்சானும் சேர்ந்தே டாக்டரிடம் போனோம். இருவருக்கும் மூக்கடைப்புதான். அவருக்குத் தூசி பட்டாலே அடுக்குத் தும்மலும் கண் அரிப்பும் வரும், அடைப்பு பக்கம் மாறி மாறி வரும். எனக்கு அந்தத் தொல்லை கிடையாது. வருடம் முழுக்க இடது பக்கம் மட்டும் அடைப்பு.

முதலில் போன இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்ததோடு சரி. "ரெண்டு பேருக்கும் தண்டு வளைஞ்சிருக்கு, நாளைக்கே அட்மிட் ஆகிடுங்க" என்றார்கள். மூக்குத்தண்டு, அதாவது இரண்டு துவாரங்களுக்கும் நடுவே இருக்கும் சுவர், கொஞ்சமும் வளையாதவர்கள் குறைவுதான். அதை மட்டும் வைத்துக் கத்தியை எடுக்கச் சொன்னால் எப்படி? கிளம்பி வந்துவிட்டோம்.

அடுத்துப் பார்த்த டாக்டர் மெல்லிய கேமராக் குழாயை மூக்குக்குள் விட்டு எண்டோஸ்கோபி செய்தார். பிறகு அடைப்பை இறக்கும் சொட்டு மருந்தை விட்டுச் சற்று நேரம் உட்காரவைத்து, மறுபடியும் பார்த்தார். மச்சானுக்கு இரண்டு பக்கமும் திறந்துவிட்டது. எனக்கு இடது பக்கம் அசையவில்லை. வீக்கம் என்றால் மருந்துக்குச் சுருங்கும், எலும்பும் குருத்தெலும்பும் சுருங்காது. அதுதான் கணக்கு. (அந்தச் சொட்டு மருந்தை வாங்கி நாள்கணக்கில் தொடர்ந்து போட்டுக்கொள்ளக் கூடாது, பிறகு அதுவே அடைப்பை உண்டாக்கும்.)

மச்சானுக்கு அன்றே தோலில் அலர்ஜி டெஸ்ட் எடுக்க முடியவில்லை. அலர்ஜி மாத்திரை சாப்பிட்டிருந்தால் முடிவு சரியாக வராதாம், சில நாள் நிறுத்திவிட்டு வரச் சொன்னார்கள். லீவில் போகிறவர்கள் இதைக் கிளம்பும் முன்பே போனில் கேட்டுக்கொள்வது நல்லது. அவருக்கு முதல் வைத்தியம் ஸ்டீராய்டு ஸ்ப்ரேதான். முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அதற்கும் அடங்காவிட்டால் மூக்கின் பக்கச் சுவரில் வீங்கியிருக்கும் டர்பினேட் என்ற சதை மடிப்பை ரேடியோ அலையால் சுருக்கலாம். அளவுக்கு மீறி வெட்டி எடுத்துவிட்டால் மூக்கு வறண்டு, வழி திறந்திருந்தும் அடைத்தது போலவே தோன்றும் தொல்லை சிலருக்கு வருகிறது. அதோடு, ஆபரேஷன் அடைப்பைத்தான் குறைக்கும். அலர்ஜி உடம்பிலேயே இருக்கும், ஸ்ப்ரேயும் தொடர வேண்டியிருக்கும். டாக்டர் இதை ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

என் விஷயம் நேரடியானது. தேதி குறிக்கும் முன் "ஃபிளைட் என்னைக்கு?" என்று கேட்டார்கள். மயக்க மருந்து கொடுத்து, நாசித் துவாரம் வழியாகவே தண்டை நேராக்கினார்கள். வெளியே தழும்பு இல்லை. உள்ளே வைத்த சிலிகோன் தகடுகளை எடுக்கும் வரை முன்பிருந்ததைவிட மோசமான அடைப்பு. மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், உப்புநீரால் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கு உதிர்வதற்கே வாரக்கணக்கில் ஆனது. ஆகவே லீவின் தொடக்கத்திலேயே செய்துகொள்ளுங்கள். கடைசி வாரத்தில் வேண்டாம்.

நர்சுகள் பொறுமையானவர்கள். பில் கவுண்டரில்தான் பாதி நாள் போயிற்று. டிஸ்சார்ஜ் தாளில் "மூக்கு ஆபரேஷன்" என்று மட்டும் இருந்தது. தண்டை மட்டும் தொட்டார்களா, டர்பினேட்டையும் தொட்டார்களா என்று கேட்டு எழுதி வாங்கினேன். திரும்பிப் போனதும் அங்கிருக்கும் டாக்டர் முதலில் கேட்டது அதைத்தான்.