மதர்போர்டு ரெய்டில் நான்கு ஆண்டுகள்: அடிக்கடி காணாமல் போன ஹார்டு டிஸ்க்

தண்டையார்பேட்டையில் சின்ன போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணப் படங்கள் எல்லாம் இரண்டு 4 டிபி டிஸ்க்குகளில் ஒரே மாதிரி பதிவாக வேண்டும் என்று கம்ப்யூட்டர் மதர்போர்டிலேயே உள்ள ரெய்டு 1 என்ற வசதியை நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன்.

முதல் நாளே ஒரு டிஸ்க் தெரியவில்லை. போர்டிலேயே செருகும் எம்.2 எஸ்எஸ்டி போட்டதும், ஹார்டு டிஸ்க் கேபிள் மாட்டும் சாட்டா போர்ட்டுகளில் இரண்டு அணைந்துவிடும் என்று மேனுவலில் இருந்தது. போர்ட்டை மாற்றினேன், முடிந்தது.

உண்மையான தலைவலி இரண்டாம் ஆண்டில்தான் வந்தது. வாரம் ஒருமுறையாவது "டிக்ரேடட்" என்று, அதாவது ஒரு டிஸ்க் ரெய்டிலிருந்து கழன்றுவிட்டது என்று, எச்சரிக்கை வரும். "அண்ணே, டிஸ்க் போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்றார் சர்வீஸ் தம்பி. எனக்கு மனம் ஒப்பவில்லை. கழற்றி, வேறு கம்ப்யூட்டரில் ரெய்டு இல்லாத ஏ.எச்.சி.ஐ முறையில் மாட்டி, டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்த்தேன். கெட்டுப்போன செக்டார் ஒன்றுகூட இல்லை. ஆனால் 199-ஆம் வரிசையில் உள்ள சி.ஆர்.சி பிழை எண் 214. அது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவில் தகவல் சிதைவதைக் காட்டும் எண். சாட்டா கேபிளைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தால், உள்ளே தங்க நிறத்தில் இருக்க வேண்டிய தகடுகள் கறுத்திருந்தன. கடற்கரைக்குப் பக்கத்துக் கடை, உப்புக் காற்று. புதுக் கேபிள் போட்டேன். அந்த எண் குறையாது. மேலே ஏறாமல் 214-லேயே நின்றதுதான் நல்ல செய்தி.

அப்புறமும் மாதம் ஒருமுறை அதே டிஸ்க் கழன்றது. அது சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க். படிக்க முடியாத இடம் வந்தால் விடாமல் ஒரு நிமிடம் வரைகூட முயன்றுகொண்டிருக்கும். ரெய்டு அவ்வளவு நேரம் பொறுக்காது, டிஸ்க் செத்துவிட்டது என்று ஒதுக்கிவிடும். நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிகளுக்கென்று செய்யப்படும் நாஸ் டிஸ்க்குகள் சுமார் 7 விநாடியில் பிழையைச் சொல்லிவிடும். ஸ்மார்ட் அறிக்கையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் மென்பொருளில் எஸ்.சி.டி இ.ஆர்.சி என்ற இடத்தில் 70 (விநாடியில் பத்தில் ஒரு பங்குக் கணக்கில்) என்று காட்டினால் அதுதான் பொருள். என் டிஸ்க்கில் அந்த வசதியே இல்லை. இரண்டையும் சி.எம்.ஆர் வகை (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியாமல் எழுதும்) நாஸ் டிஸ்க்குகளாக மாற்றினேன். தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் எஸ்.எம்.ஆர் வகையை ரெய்டுக்கு வாங்கவே வாங்காதீர்கள், ரீபில்டு ஆகும்போது (மாற்றிய டிஸ்க்கில் எல்லாவற்றையும் மறுபடி எழுதும்போது) எழுதும் வேகம் படுத்துவிடும்.

சென்ற ஆண்டு கரண்ட் போய் வந்ததும் ரெய்டே காணோம். இரண்டு டிஸ்க்குகள் தனித்தனியாக நின்றன. பதறிப்போய் புதிதாக ரெய்டு உருவாக்கியிருந்தால் எத்தனை குடும்பங்களின் படங்கள் போயிருக்கும்! மதர்போர்டில் உள்ள 2032 பட்டன் பேட்டரி தீர்ந்து, பயாஸ் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள்) ரெய்டு இல்லாத ஆரம்ப அமைப்புக்குத் திரும்பியிருந்தது. பேட்டரி மாற்றி, பயாஸில் மறுபடி ரெய்டு என்று வைத்ததும் படங்கள் அப்படியே வந்தன.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருவில் தண்ணீர் ஏறியதைப் பார்த்ததிலிருந்து, வாரக் கடைசியில் மூன்றாவது பிரதி ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போகிறேன். இந்தச் சனிக்கிழமையும் எடுத்துப் போனேன்.