மலை இறக்கத்துக்கு 312 மி.மீ. டிஸ்க்: பழைய ஆக்டேவியா ஆர்எஸ் பிரேக் மாற்றம், பாகம் பாகமாக ஒரு மதிப்பீடு

குன்னூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர். மேட்டுப்பாளையம் 300 மீட்டருக்குச் சற்று மேல். நடுவில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஆளும் சாமானுமாக 1,500 கிலோ வரும் ஒரு கார் அந்த 1,500 மீட்டரை இறங்கினால் சுமார் 22 மெகா ஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். 100 கி.மீ. வேகத்தில் ஓடும் அதே காரை ஒருமுறை முழுதாக நிறுத்த 0.58 மெகா ஜூல் போதும். கணக்குப் போட்டால், ஒரு இறக்கம் என்பது 100-லிருந்து பூஜ்யத்துக்கு 38 முறை நிறுத்துவதற்குச் சமம். இன்ஜின் பிரேக்கும் காற்றும் டயரும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதி எல்லாம் டிஸ்க்கில் சூடாக இறங்குகிறது.

நீலகிரியில் ஓடும் பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் காருக்கு எந்த பிரேக் பாகம் நல்லது என்பதை இந்தக் கணக்கை வைத்துத்தான் சொல்ல வேண்டும். சமவெளியில் 'கடித்துப் பிடிக்கும்' பேட் (டிஸ்க்கில் உரசி நிறுத்தும் கட்டை) அருமையாகத் தோன்றும். இங்கே கேள்வி வேறு: இறக்கத்தின் வழியில் வரும் பர்லியார் தாண்டிய பிறகும் பெடல் அதே உயரத்தில் நிற்கிறதா?

இங்கே எடுத்துக்கொண்ட செட் இதுதான்: முன்பக்கம் 312×25 மி.மீ. (விட்டம் × தடிமன்) சாதா டிஸ்க், அதற்கான காலிப்பர் பிராக்கெட் இரண்டு (காலிப்பர் என்பது பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம், பிராக்கெட் அதைத் தாங்குவது), சாலைக்கான பேட், ஸ்டீல் வலை ஹோஸ், டாட் 4 வகையிலேயே கொதிநிலை கூடிய பிரேக் ஆயில். பின்பக்கம் கம்பெனி அளவே இருக்கட்டும்.

முதலில் டிஸ்க். 1.8 டர்போ, 150 குதிரைத்திறன் ஆர்எஸ் இருக்கும் இந்தத் தளத்தில் (பல கார்களுக்குப் பொதுவான அடிக்கட்டமைப்பு) வெவ்வேறு கார்களுக்கு 256, 280, 288, 312 என நான்கு அளவு வந்திருக்கிறது. ஐரோப்பாவில் விற்ற 180 குதிரைத்திறன் ஆர்எஸ்ஸுக்கும் முதல் தலைமுறை ஆடி டிடிக்கும் கம்பெனியே போட்டது 312. ஆகவே இது வெளியார் தயாரித்த புதுச் சரக்கு இல்லை, குடும்பத்துக்குள்ளேயே இருக்கும் பாகம். இதைப் பரிந்துரைக்க முதல் காரணமும் அதுதான். உங்கள் காரில் 288 இருந்தால் காலிப்பர் அப்படியே இருக்கும், பேடும் அதேதான். டிஸ்க்கையும் பிராக்கெட்டையும் மாற்றினால் போதும். 288-க்குக் குறைந்த அளவு இருந்தால் காலிப்பர் வகையே வேறு. பிராக்கெட் மட்டும் வாங்கி வந்தால் உட்காராது. 20 வருட வண்டியில் யார் எதை மாற்றியிருப்பார்கள் என்று பேப்பரைப் பார்த்துச் சொல்ல முடியாது. சக்கரத்தைக் கழற்றி ஸ்கேல் வைத்து அளந்த பிறகு ஆர்டர் போடுங்கள்.

டிஸ்க் பெரிதானதும் பேட் பிடிக்கும் இடம் மையத்திலிருந்து 12 மி.மீ. வெளியே போகிறது. அதே மிதிக்கு முன் பிரேக்கின் பலம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடும். அவ்வளவுதான். அந்த அளவு மாற்றத்தை ஏபிஎஸ் சமாளித்துக்கொள்ளும், முன்-பின் சமநிலை கெடாது. உண்மையான லாபம் இரும்பின் எடையில் இருக்கிறது: கூடுதல் இரும்பு, கூடுதல் பரப்பு, ஒவ்வொரு வளைவுக்கும் சூடு மெதுவாக ஏறும், நேர் சாலை கிடைத்தால் சீக்கிரம் ஆறும்.

நான்கு பிஸ்டன் 'பெரிய கிட்' வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சாலைக்கு வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. பிஸ்டன்களின் மொத்தப் பரப்பு பழைய காலிப்பரோடு ஒத்துப்போகாவிட்டால், கூடினால் பெடல் கீழே போகும், குறைந்தால் கல்லாக இறுகும். பெரும்பாலான ரேஸ் காலிப்பரில் பிஸ்டனுக்குத் தூசி ரப்பர் கிடையாது. ஆறு மாதம் மழையும் மூடுபனியுமாக இருக்கும் ஊரில் அந்த பிஸ்டன் எத்தனை நாள் தாங்கும்? துளை போட்ட டிஸ்க்கும் அப்படியே. மாறி மாறிச் சூடும் குளிரும் பட்டால் விரிசல் துளை ஓரத்தில்தான் ஆரம்பிக்கும். சாதா டிஸ்க் வாங்குங்கள். பிரெம்போ, ஏடிஇ இரண்டுமே இந்த அளவில் சாதா டிஸ்க் செய்கின்றன.

சக்கரத்தை மறந்துவிடாதீர்கள். 312 டிஸ்க் 15 அங்குல ரிம்முக்குள் போகாது. 16 அங்குலம் வேண்டும், அதிலும் ஸ்போக் வடிவத்தைப் பொறுத்து இடிக்கலாம். பூட்டி முடித்ததும் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். காலிப்பருக்கும் ரிம்முக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளியாவது வேண்டும். பழைய தூசித் தகடு 288-க்கு அளவெடுத்தது. பெரிய டிஸ்க் அதன் ஓரத்தில் உரசும். சில ஒர்க்ஷாப்களில் தகட்டையே கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அது தவறு. மண் சரிந்து ஜல்லி சிதறிக் கிடக்கும் மழைக்கால மலைப்பாதையில் அந்தத் தகடுதான் டிஸ்க்கின் உட்பக்கத்தைக் காப்பாற்றுகிறது. ஓரத்தை வளைத்து விடுங்கள், அல்லது 312-க்கான தகட்டையே வாங்குங்கள்.

அடுத்து பேட். பலர் தோற்றுப்போவது இங்கேதான். ஜனவரியில் ஊட்டி அருகே தலைகுந்தாவில் புல்மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும் காலை நேரத்தில், வீட்டு வாசலிலிருந்து வரும் முதல் மிதியிலேயே பேட் பிடித்தாக வேண்டும். ரேஸ் பேட் சூடேறும் வரை வழுக்கும். மெத்தென்ற, சத்தமில்லாத சாதாரண பேட் காலையில் நன்றாகப் பிடிக்கும். எட்டாவது, ஒன்பதாவது வளைவில் கைவிடும். நடுத்தரமான ஒன்றைக் கண்டுபிடிக்க அட்டைப்பெட்டி விளம்பரம் உதவாது. பேடின் ஓரத்தைப் பாருங்கள். கம்பெனிப் பெயரும் எண்ணும் அச்சிட்ட வரிசையின் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். முதல் எழுத்து மிதமான சூட்டில் உராய்வு எவ்வளவு என்பது, இரண்டாவது அதிகச் சூட்டில். 'ஈ' என்றால் 0.25 முதல் 0.35, 'எஃப்' 0.35 முதல் 0.45, 'ஜி' 0.45 முதல் 0.55. மலைக்கு 'எஃப் எஃப்' அல்லது 'ஜி ஜி' நல்லது. இரண்டாவது எழுத்து முதல் எழுத்தைவிடத் தாழ்ந்திருந்தால், அந்த பேட் சூட்டில் பலம் இழக்கும் என்று அதை விற்பவரே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று பொருள். அந்த எழுத்தே இல்லாத பேடை வாங்கவே வாங்காதீர்கள். போலிச் சரக்கு மிக அதிகம் புழங்கும் பாகம் இது.

ஆயிலுக்கு வருவோம். விலையில் மிகக் குறைவு, பலனில் மிக அதிகம். டாட் 4 தரத்துக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி. ஈரம் ஏறி, 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த நிலையில் 155 டிகிரி. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. தென்மேற்குப் பருவமழையில் கூடலூர் பக்கமும், வடகிழக்கில் குன்னூர், கோத்தகிரி பக்கமும் எப்போதும் நனைந்தபடி இருக்கும் மாவட்டத்தில் அந்த 155-ஐ எட்ட அதிக நாள் ஆகாது. காலிப்பருக்குள் ஆயில் கொதித்தால் உள்ளே நீராவிக் குமிழி. ஆயிலை அழுத்த முடியாது, குமிழியை அழுத்தலாம். பெடல் தரைக்குப் போகும். ஏடிஇ டைப் 200 போன்ற ஆயில் புதிதாக 280 டிகிரி தாங்கும். அதையே வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மோட்டுல் ஆர்பிஎஃப் 600-க்கு 312 டிகிரி; சாலை ஓட்டத்துக்கு அது தேவைக்கு மேல். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் மூன்று வருடம் போட்டு ஓட்டினால் எல்லா ஆயிலும் ஒன்றுதான். டாட் 5 என்பது சிலிக்கான், இந்த ஏபிஎஸ்ஸுக்கு ஆகாது. டாட் 5.1 வேறு வகை, அதைப் போடலாம். பெயர் ஒன்றுபோல இருப்பதால் கடையில் மாறிப்போகும், கவனம்.

மாற்ற ஒரு லிட்டர் வேண்டும், சக்கரத்துக்கு கால் லிட்டர் கணக்கில். ஏர் எடுக்கும்போது மேலே டப்பாவில் ஆயில் 'மின்' (MIN, குறைந்தபட்ச) கோட்டுக்குக் கீழே போகவே கூடாது. ஏபிஎஸ் பம்புக்குள் காற்று போய்விட்டால் பெடலை மிதித்து மிதித்து எடுக்க முடியாது. கம்ப்யூட்டர் மாட்டி பம்பை ஓட்ட வேண்டியிருக்கும். கிளட்சும் அதே டப்பாவிலிருந்துதான் ஆயில் வாங்குகிறது. பிரேக்கை மட்டும் மாற்றி கிளட்சை விட்டுவிடும் மெக்கானிக்குகள் உண்டு, நினைவுபடுத்துங்கள். திறந்து பாதி மீந்த டப்பாவை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்காதீர்கள்.

ஹோஸ் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 20 வருட ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பியிருக்கும். அதைக் கழற்றிப் புது ரப்பர் போட்டாலே வித்தியாசத்தின் பெரும்பகுதி கிடைத்துவிடும். ஸ்டீல் வலை ஹோஸ் போட்டால் பெடல் இன்னும் கொஞ்சம் இறுகும். மேலே பிளாஸ்டிக் உறை உள்ளதாக வாங்குங்கள், இல்லாவிட்டால் வலைக்குள் மண் புகுந்து அரிக்கும். பூட்டியதும் சக்கரம் தொங்கும் நிலையில் ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்பி, ஹோஸ் எங்கும் இழுபடவில்லை என்று பார்க்க வேண்டும். செம்பு வாஷரைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

பூட்டும் வேலையில் டிஸ்க் உட்காரும் ஹப் (சக்கரம் பூட்டும் மையப் பாகம்) முகம்தான் உயிர். அங்கே ஒரு துணுக்குத் துரு இருந்தாலும் டிஸ்க் சாய்ந்து உட்காரும், விளிம்பில் அந்தச் சாய்வு பல மடங்காகத் தெரியும். கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று இரும்பு தெரியும்வரை தேய்த்துவிட்டு, போல்ட் போட்டு இறுக்கி, டயல் கேஜ் (நுண்ணிய சாய்வை அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். 0.05 மி.மீ.-க்குள் இருந்தால் நல்லது, 0.1 தாண்டினால் கழற்றி மறுபடி சுத்தம் செய்ய வேண்டும். 5,000 கி.மீ. கழித்து ஸ்டீயரிங் ஆடுகிறது, 'டிஸ்க் வளைந்துவிட்டது' என்று வரும் வண்டிகளில் பெரும்பாலும் டிஸ்க் வளைவதில்லை. இந்தச் சாய்வினால் பேட் ஒரே இடத்தில் தொட்டுத் தொட்டு, டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் ஏறியும் இறங்கியும் போயிருக்கும். அதற்குக் கடைசல் போட்டு டிஸ்க்கை மெலிதாக்கினால் சூடு தாங்கும் இரும்பைத்தான் இழக்கிறோம்.

பிராக்கெட் போல்ட் 125 நியூட்டன் மீட்டர், காலிப்பர் கைடு பின் (காலிப்பர் நகர்ந்து ஓடும் ஊசி) 28, சக்கர போல்ட் 120. டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து பூட்டும் ஸ்பேனர்) இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். கைடு பின் ஓடும் ரப்பர் புஷ்ஷைப் புதிதாகப் போடுங்கள். அங்கே சாதாரண பெட்ரோலிய கிரீஸ் தடவினால் ரப்பர் உப்பி, காலிப்பர் நகராமல் நின்று, ஒரு பக்க பேட் மட்டும் தேயும்.

பின் காலிப்பரில் ஹேண்ட் பிரேக் பொறி பிஸ்டனுக்குள்ளேயே இருக்கிறது. அதைத் திருகித்தான் உள்ளே தள்ள வேண்டும். கிளாம்ப் போட்டு நேராக அழுத்தினால் உள் பொறி உடையும், காலிப்பரையே மாற்ற வேண்டியதாகிவிடும். ஊட்டி ஈரத்தில் அந்த ஹேண்ட் பிரேக் நெம்புகோல் துருப்பிடித்து முழுதாகத் திரும்பாமல் நிற்பதும் அடிக்கடி நடக்கும். சிறிது தூரம் ஓட்டி நிறுத்திய பிறகு இரு பின் சக்கரங்களுக்கு அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒரு பக்கம் அனல் அடித்தால் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

புது பேடைப் பழக்க மலைப்பாதை தோதான இடம் இல்லை. மேட்டுப்பாளையத்துக்குக் கீழே, விடியற்காலையில் காலியான நேர் சாலையில், 60-லிருந்து 10 வரை பத்து முறை மிதமாக, முழுதாக நிற்காமல். பிறகு 80-லிருந்து 20 வரை ஐந்து முறை கொஞ்சம் அழுத்தமாக. அதன் பின் பிரேக் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு அப்படியே மலை ஏறிவிடுங்கள். ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலை குறைவு, நிதானமாக ஆறும்.

ஒரு எச்சரிக்கை. ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடக் கால் பங்கு குறைவு. நம் மிதிக்குப் பலம் சேர்க்கும் பிரேக் பூஸ்டர் அந்த அழுத்தத்தை நம்பித்தான் வேலை செய்கிறது, எனவே பெடல் இங்கே இயல்பாகவே கொஞ்சம் கனமாக இருக்கும். அதோடு 1.8 டர்போவில் பூஸ்டருக்குப் போகும் வாக்குவம் குழாயும் அதன் ஒருவழி வால்வும் வயதாகி விரிசல் விடும். பெடல் இறுகுகிறது என்று பேட் மேல் பேடாக மாற்றிப் பணத்தைக் கரைக்கும் முன் இதைச் செய்யுங்கள்: இன்ஜினை நிறுத்தி, பெடல் கல்லாகும்வரை நாலைந்து முறை மிதியுங்கள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் தானாகக் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பழுது பூஸ்டர் பக்கம்.

இறக்கத்தில் பெடல் சொல்வதைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். பெடல் உறுதியாக இருந்து வண்டி நிற்காவிட்டால் பேட் சூடாகிவிட்டது. பெடலே மெத்தென்று கீழே போனால் ஆயில் கொதிக்கிறது, உடனே கியரைக் குறைத்து ஓரங்கட்டி ஆற விடுங்கள், அந்த ஆயிலை மாற்றாமல் அடுத்த இறக்கம் வேண்டாம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும், 36 கொண்டை ஊசி வளைவு உள்ள கல்லட்டிப் பாதையில் வெளியூர் வண்டிகள் இறங்க அனுமதி இல்லை. உள்ளூர்க்காரர்கள் இந்த செட்டைப் போட்டிருந்தாலும் அங்கே இரண்டாவது கியர்தான், தேவைப்பட்டால் முதல் கியர். நியூட்ரலில் விட்டால் எந்த பிரேக்கும் தாங்காது.

செலவை ஒரேயடியாகச் செய்ய முடியாதவர்கள் இந்த வரிசையில் போகலாம்: ஆயில், ஹோஸ், பேட், கடைசியாக டிஸ்க்கும் பிராக்கெட்டும். டயர் ஐந்து வருடம் தாண்டியிருந்தால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் டயர். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். மலையடிவாரத்தில் கல்லாறு வந்து சேர்ந்ததும் சோதனைச் சாவடி வரிசையில் பெடலை அழுத்தி மிதித்தபடி நிற்காதீர்கள், சூட்டில் பேடின் அச்சு டிஸ்க்கில் பதியும். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். சமதளத்தில் முதல் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுக்காமல், இருபது நிமிடம் நிறுத்தினால் போதும்.