இரட்டை லேபிள் கியர் ஆயில்: பழைய பீட்டிலில் நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனாலும்…

பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் வைத்திருக்கும் நண்பர் கேட்டார்: "டின்ல ஜிஎல்-4, ஜிஎல்-5 ரெண்டுமே போட்டிருக்கான். கியர் பாக்ஸுக்கு ஊத்தலாமா?" (ஜிஎல் எண் என்பது கியர் ஆயிலின் தர வகை.) அதே மாதிரி லேபிள் ஒட்டிய 80டபிள்யூ-90 மினரல் ஆயில்தான் என் பீட்டிலிலும் இப்போது இருக்கிறது. ஊற்றலாம், ஓடும். எரிச்சலெல்லாம் அந்த லேபிள்மேல்தான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்டியிலிருந்து சக்கரங்களுக்குச் சுழற்சியைத் திருப்பிவிடும் கிரவுன் பினியன் பல்சக்கர ஜோடியில் ஊளைச் சத்தம் இல்லை. பெட்டி சூடான பிறகு மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினால் கியர் தயங்காமல் விழுகிறது. ஆயில் வடிக்கும் டிரெயின் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மட்டும்தான், அது எல்லாப் பெட்டியிலும் வருவது. வடித்த ஆயிலை வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பார்த்தால் தங்க மினுக்கு இல்லை. மினுக்கினால் பித்தளை தேய்ந்து உதிர்கிறது என்று அர்த்தம், கியர் மாற்றும்போது வேகங்களைச் சமப்படுத்தும் சிங்க்ரோ ரிங்கைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

லேபிளுக்கு வருவோம். ஜிஎல்-5 என்றால் ஜிஎல்-4-ஐவிட ஒரு படி உசத்தி என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அது ஹைபாய்டு என்ற கிரவுன் ரகத்துக்கானது. ஹைபாய்டு கிரவுனில் பினியன் மையக்கோட்டுக்குக் கீழே இறங்கி உட்கார்ந்திருக்கும். அதனால் பல்லும் பல்லும் உருள்வதோடு பலமாக உரசி வழுக்கும். அந்த அழுத்தத்தைத் தாங்கத்தான் ஜிஎல்-5-இல் கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் ஜிஎல்-4-ஐப்போல ஏறக்குறைய இரண்டு பங்கு. பீட்டிலில் இருப்பது பினியன் மையக்கோட்டிலேயே உட்காரும் ஸ்பைரல் பெவல், இவ்வளவு வழுக்கல் அதில் கிடையாது. ஆனால் கிரவுன், கியர்கள், பித்தளை சிங்க்ரோ ரிங் எல்லாம் ஒரே ஆயிலில்தான் குளிக்கின்றன. சூட்டில் கந்தகம் இரும்புப் பல்மேல் காப்புப் படலம் கட்டும், செம்பு கலந்த உலோகத்தையோ கறுக்கவைத்து அரிக்கும்.

இதில் மேனுவலும் ஆளைக் குழப்பும். பீட்டில் மேனுவல் கேட்பது 'எஸ்ஏஇ 90 ஹைபாய்டு ஆயில்'. ஹைபாய்டு என்ற பெயரைப் பார்த்ததும் நேராக ஜிஎல்-5 வாங்கிவிடுகிறார்கள். அந்தக் காலத்து ஹைபாய்டு ஆயில் என்பது எம்ஐஎல்-எல்-2105 என்ற அமெரிக்க ராணுவத் தரம், இன்றைய கணக்கில் ஜிஎல்-4. ஜிஎல்-5-க்குச் சமமான 2105பி வந்ததே 1962-இல்தான்.

அதற்காக ஜிஎல்-5 எல்லாமே பித்தளையைத் தின்னும் என்று பயமுறுத்துவதும் சரியில்லை. செம்பைக் காக்கும் சேர்மானம் போட்ட ஜிஎல்-5 இப்போது நிறைய வருகிறது. எது அப்படிப்பட்டது, எது இல்லை என்று லேபிள் சொல்லாததுதான் கடுப்பு. எந்த ஆயிலுக்கும் டேட்டா ஷீட்டில் தேட வேண்டியது ஏஎஸ்டிஎம் டி130 என்ற செம்புத் தகடுச் சோதனை. கியர் ஆயிலுக்கு வழக்கமாக 121 டிகிரி செல்சியஸில் மூன்று மணி நேரம். முடிவு 1ஏ அல்லது 1பி, அதாவது தகடு லேசாக மட்டும் நிறம் மாறியது என்றால் தாராளமாக ஊற்றலாம். ஜிஎல்-5 விதி 3 வரை அனுமதிக்கிறது, அதாவது தகடு அடர்த்தியாக நிறம் மாறினாலும் பாஸ். இந்த ஆயிலின் ஷீட்டில் அந்த வரியே இல்லை.

வரி இல்லையென்றால் தோராயமாக நாமே பார்க்கலாம். மின்கம்பியிலிருந்து உரித்த செம்பை நைஸ் எமரி பேப்பரால் பளபளவென்று தேய்த்து, கண்ணாடி பீக்கரில் ஆயிலுக்குள் முழுக்க மூழ்கவைத்து, தெர்மாமீட்டர் வைத்து மின் அடுப்பில் 120 டிகிரியில் மூன்று மணி நேரம். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், சமையலறையில் வேண்டாம். நாற்றம் லேசில் போகாது. வெளியே எடுத்துத் துடைத்தால் இளம் ஆரஞ்சு நல்லது. ஊதா இரண்டாம் நிலை. அதற்குமேல் கறுத்தால் அந்த டின்னை ஹைபாய்டு ஆக்ஸில் உள்ள வண்டிக்காரருக்குக் கொடுத்துவிடலாம். என் டின் ஆரஞ்சிலேயே நின்றது.

ஆக, அரிப்புப் பயம் இல்லை. ஆனால் செம்புக் கம்பி காட்டாத ஒன்று உண்டு. சிங்க்ரோ ரிங்கின் உட்புறத்தை நகத்தால் வருடினால் மெல்லிய மரைபோல் வரிகள் தட்டுப்படும். கியரின் கூம்பிலிருக்கும் ஆயில் படலத்தை வெட்டி விலக்கத்தான் அவை. படலம் விலகினால்தான் உரசல் கிடைக்கும், உரசினால்தான் இரண்டு வேகமும் சமமாகும். ஆயில் மிதமிஞ்சி வழுக்கினால் ரிங் பிடிக்கத் தாமதமாகும், அதற்குள் கையை அழுத்தினால் கர்ர்... இந்த ஆயிலில் காலையில் வண்டி எடுத்ததும், பெட்டி சூடாகும்வரை இரண்டாம் கியர் அப்படித்தான் முனகுகிறது. இதே பெட்டியில், இதே 80டபிள்யூ-90-இல், ஜிஎல்-4 மட்டும் போட்ட ஆயில் இருந்தபோது இவ்வளவு இல்லை. வரிகள் மழுங்கிய பழைய ரிங்கில் இது இன்னும் மோசமாகத் தெரியும். வழுக்கல் சேர்க்கும் மாலிப்டினம் பாட்டில், லிமிடெட் ஸ்லிப் சேர்மானம் எதையும் இந்தப் பெட்டிக்குள் விடாதீர்கள்.

எண் பற்றிச் சுருக்கமாக: 90 நம்பர் கியர் ஆயில் என்றதும் கூழ்போல் இருக்கும் என்று மிரள வேண்டாம். 100 டிகிரியில் அது 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக், கிட்டத்தட்ட 40 அல்லது 50 நம்பர் இன்ஜின் ஆயிலின் பிசுபிசுப்புதான்; அளவுகோல் வேறு. 75டபிள்யூ-90-உம் சூட்டில் இதே வரம்புதான், குளிரில் மட்டும் இளகலாக இருக்கும். காலை முனகலுக்கு அது நல்ல மருந்து.

மாற்றும்போது முதலில் ஆயில் ஊற்றும் துளையை மூடியிருக்கும் பக்கவாட்டு ஃபில்லர் பிளக்கைக் கழற்றுங்கள். அது இறுகி வராமல் நின்றால், கீழே வடித்துவிட்ட வண்டி நகர முடியாமல் கிடக்கும். ஃபில்லர், டிரெயின் பிளக் இரண்டுக்கும் 17 மில்லிமீட்டர் ஆலன் கீ. ஓட்டிவந்த சூட்டிலேயே வடியுங்கள். நிரப்ப 2.5 லிட்டர். வேகமாக ஊற்றினால் ஒரு லிட்டர் போவதற்குள்ளேயே துளைவழியாக வழியும், நிறைந்துவிட்டது என்று மூடிவிடுகிறார்கள். ஆயில் உள்ளே பரவ நேரம் வேண்டும்: கொஞ்சம் ஊற்றி, சில நிமிடம் விட்டு, மறுபடி ஊற்றுங்கள். சமதளத்தில் துளையின் கீழ் விளிம்புவரை வந்தால் போதும். கூடினால் ஸ்விங் ஆக்ஸில் மாடலில் சீல் வழியே பிரேக் ஷூவுக்குப் போய்விடும். பெட்டியின் ஓடு மெக்னீசியம் கலவை, பிளக்கை வெறிகொண்டு முறுக்கினால் மரை போய்விடும்.

இதெல்லாம் பீட்டில் கணக்கு. எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் கியர் பாக்ஸ் கேட்பது 20டபிள்யூ-50 இன்ஜின் ஆயில், அதன் பின் ஆக்ஸிலுக்கு மட்டும் ஹைபாய்டு. பழைய மினியில் இன்ஜினுக்கும் கியருக்கும் ஒரே சம்ப், அதாவது ஒரே ஆயில் தொட்டி. வெண்கல வார்ம் வீல் உள்ள அதிபழைய வண்டிகளுக்கு சேர்மானமே இல்லாத ஜிஎல்-1 ரகம்தான் பொருந்தும்.

கம்பி கறுக்கவில்லை, மினுக்கு இல்லை, ஊளைச் சத்தம் இல்லை. இவ்வளவு சொன்ன பிறகும் இந்த டின்னை மறுபடி வாங்கமாட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்குபவனே அடுப்பு மூட்டிக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் அந்த லேபிள் எதற்கு? அடுத்த முறை ஜிஎல்-4 என்று மட்டும் போட்ட 75டபிள்யூ-90, அதுவும் ஷீட்டில் 1பி என்ற வரியைப் பார்த்த பிறகுதான்.