வெட்டுவதா, விடுவதா: ஒரு வெல்டிங் சோதனைச் சேவை

வாய்க்காலுக்கு அடியில் இழுத்த 16 அங்குல எரிவாயுக் குழாயின் கரையோர ஜாயின்டில், வெல்டிங் குழாய் விளிம்பின் பக்கச்சுவரோடு உருகி ஒட்டாமல் போயிருந்தது. வெல்டிங்கைக் கதிர்வீச்சால் படமெடுத்த ஃபிலிமில் 34 மி.மீ. நீளம். மேற்பரப்பில் திறந்திருக்கும் இவ்வகைக் குறைக்கு, குழாய் வெல்டிங்குக்கான அமெரிக்கத் தரவிதியான ஏ.பி.ஐ. 1104-இன் வழக்கமான வரம்பு 25 மி.மீ. அதே இடத்தில் ஏற்கெனவே ஒரு ரிப்பேர் நடந்திருந்ததால் வெல்டிங்கை மறுபடி தோண்டிச் சரிசெய்ய உரிமையாளர் தரப்பு அனுமதிக்கவில்லை. வெட்டினால் குழாய்க்கு நீளம் போதாது.

அந்த நெருக்கடியில்தான், குறையோடு ஜாயின்டை அப்படியே விடலாமா என்று கேட்டு இந்தச் சோதனைக்கூடத்தை அணுகினோம். வேறொரு நிறுவனம் விலைப்புள்ளியிலேயே "பாஸாகிவிடும்" என்று எழுதியிருந்தது. சோதிக்கும் முன்பே முடிவு சொல்பவர்களிடம் எரிவாயுக் குழாயை எப்படி ஒப்படைப்பது?

இவர்கள் முதலில் கேட்டது குறையின் உயரத்தை. ஃபிலிம் நீளத்தைக் காட்டும், குழாய்ச் சுவரின் 12.7 மி.மீ. தடிமனில் குறை எவ்வளவு ஏறி நிற்கிறது என்று காட்டாது. உடைப்பைத் தீர்மானிப்பதில் உயரத்துக்குத்தான் பெரிய பங்கு. ஒலி அலைகளை உள்ளே செலுத்திக் குறையை அளக்கும் ஃபேஸ்டு அரே அல்ட்ராசோனிக் கருவியால் இரு பக்கமும் ஸ்கேன் செய்து 2.1 மி.மீ. என்று அளந்தார்கள். அளவீட்டுப் பிழைக்காக மேலும் 1 மி.மீ. கூட்டியே கணக்கில் சேர்த்தார்கள். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. குறையுள்ள உலோகம் தாங்குமா என்று மதிப்பிடும் பிரிட்டிஷ் தரவிதியான பி.எஸ். 7910 முறைப்படி, வெல்டிங் குளிரும்போது தங்கிவிடும் தகைவு (உள்விசை), கரை மண் இறங்கினால் வரும் வளைவு, அழுத்தம் ஏறி இறங்கும் சுழற்சிகள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கினார்கள்.

ஆனால் முதல் அறிக்கையில் ஒரு பெரிய தவறு. விரிசலைத் தாங்கும் திறனுக்குக் குழாய் ஆலைச் சான்றிதழின் சார்ப்பி எண்ணை, அதாவது அடித்து உடைக்கும் சோதனையின் முடிவை, போட்டிருந்தார்கள். குறை இருப்பது வெல்டிங்கில். குழாய் எஃகின் எண் அங்கே செல்லாது. நான் அறிக்கையை ஏற்க மறுத்தேன். வெல்டிங் முறைத் தகுதிக்காகச் செய்த மாதிரித் துண்டில் மிச்சமிருந்ததை எடுத்து, விரிசல் முனை எவ்வளவு திறக்கும்வரை உலோகம் தாங்குகிறது என்று அளக்கும் சி.டி.ஓ.டி. சோதனை செய்து, கணக்கை முழுவதும் புதிதாகப் போட்டார்கள். எங்கள் குறையைக் குறிக்கும் புள்ளி, வரைபடத்தில் பாதுகாப்பு எல்லையைக் காட்டும் கோட்டுக்கு உள்ளேயே விழுந்தது, முன்பைவிடக் கோட்டுக்கு நெருக்கமாக. அதையும் மறைக்காமல் எழுதினார்கள். உரிமையாளர் தரப்பு அதைப் படித்துத்தான் ஜாயின்டை ஏற்றது.

கட்டணம் அதிகம், அறிக்கையும் தாமதம். ஆனாலும் மீண்டும் இவர்களிடமே போவேன். விலைப்புள்ளி கேட்கும்போது வெல்டிங் உலோகச் சோதனை அதில் அடக்கமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.