அக்ஸ்பிரிட்ஜா, செல்பியா?

2023 ஜூலை 20. பிரிட்டனில் ஒரே நாளில் நடந்த இடைத்தேர்தல்களில் இந்த இரண்டு தொகுதிகளும் எதிரெதிர் திசை காட்டின.

செல்பியில் கன்சர்வேட்டிவ் கட்சியின் 20,137 வாக்கு முன்னிலையைத் தகர்த்து லேபர் வென்றது. வேட்பாளர் கீர் மாதருக்கு வயது 25. போரிஸ் ஜான்சன் விட்டுப்போன அக்ஸ்பிரிட்ஜை கன்சர்வேட்டிவ் 495 வாக்கில் தக்கவைத்தது. புகை அதிகம் விடும் பழைய வண்டிகளுக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்ட் வசூலிக்கும் யூலெஸ் திட்டத்தை லண்டனின் லேபர் மேயர் இந்தப் பகுதிக்கும் விரிவாக்கியதில் மக்களுக்குக் கோபம்.

அப்போதைய கன்சர்வேட்டிவ் பிரதமர் ரிஷி சுனக் அக்ஸ்பிரிட்ஜைப் பெரிதாக எடுத்துக்கொண்டு, சுற்றுச்சூழல் விதிகளைத் தளர்த்தினால் வாக்கு கிடைக்கும் என்று கருதினார் என்றே நினைக்கிறேன். செப்டம்பரில் புதிய பெட்ரோல், டீசல் கார் விற்பனைத் தடையை 2030-லிருந்து 2035-க்குத் தள்ளினார். அது பெரும் தவறு. நாட்டின் மனநிலையைச் சொன்னது செல்பிதான். 2024 பொதுத்தேர்தலில் அக்ஸ்பிரிட்ஜும் லேபரிடம் போனது.